எண்ணூரில் மிக்ஜாம் புயலில் இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட வழி தேடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். 2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலின்போது, எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூரில் உள்ள என் அம்மாவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்குள் புகுந்து, பின்பக்கச் சுவர் முழுவதும் சரிந்துவிட்டது. அரசு வழங்கிய 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. ஆனால் அது வெள்ள நிவாரணம், வீடு கட்டுவதற்கான தொகை அன்று.

சொந்த மனையில் பயனாளியே வீடு கட்டிக்கொள்ள, நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் விண்ணப்பித்தோம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள்தான். நாட்டில் வேறெங்கும் கான்கிரீட் வீடு கிடையாது. இருந்தும், பட்டா காலமான என் தாத்தாவின் பெயரிலேயே இருப்பதால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாற்றத்துக்கு மனுச் செய்தோம். ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுத்தாயிற்று. வாரிசுகளில் ஒருவரான பெரிய மாமா எங்கிருக்கிறார் என்றே தெரியாததால், அவருடைய கையெழுத்து இல்லாமல் பட்டா மாற்றம் நகரவில்லை. அடுத்த மழைக்காலத்தை அந்த வீடு தாங்காது என்பதே என் கவலை.

வாரிசுகளில் ஒருவரின் ஒப்புதல் கிடைக்காத நிலையிலும் இத்திட்டத்தில் அனுமதி பெற்றவர்கள் யாரேனும் இருந்தால், எந்த ஆவணத்தைக் கொடுத்துப் பெற்றீர்கள்?