கன்சல்டன்ட் இரண்டு பேர், இருவரும் இரண்டு விதம். பிளேட்டிங் யூனிட்டுக்கு யாரை வைப்பது?

அம்பத்தூர்_பிளேட்டிங் எழுதியது:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜிங்க் பிளேட்டிங், அதாவது இரும்பு பாகங்களுக்குத் துத்தநாகப் பூச்சு, செய்கிறோம். அப்பா 1991ல் ஆரம்பித்தது. போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பி.காம் படித்தவள். கணக்கு வழக்கு தெரியும், கெமிக்கல் தெரியாது. 22 பேர் வேலை செய்கிறார்கள். அதில் பாதிப் பேர் நான் பள்ளிக்கூடம் போகும்போதே என்னைப் பார்த்த அண்ணன்கள்.

எங்கள் வேலையில் பெரும்பங்கு ஒரே கஸ்டமருக்குப் போகிறது, வண்டி பாகங்கள். அவர்கள் ஒரு ஆடிட் லிஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள். பொல்யூஷன் போர்டு கன்சென்ட் (யூனிட் நடத்த அனுமதி) புதுப்பித்திருக்க வேண்டும், கழிவுநீர், காற்று, சத்தம் எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட், ஸ்லட்ஜ் (கழிவுநீரில் அடியில் தங்கும் சேறு) எங்கே போகிறது என்ற கணக்கு, தொழிலாளர் பாதுகாப்புக்கு ஆபத்து மதிப்பீடு. இரண்டு மாதம் டைம்.

முதல் கன்சல்டன்ட் 45,000 கேட்டார். ஆபீஸில் உட்கார்ந்து காபி குடித்தார், பழைய கன்சென்ட்டை போனில் படம் எடுத்துக்கொண்டார். “நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் மேடம், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். ஷாப் பக்கம் போகவே இல்லை.

இரண்டாமவர் ஒரு பெண் இன்ஜினியர். ஒரு நாள் முழுக்க இடத்தைப் பார்க்காமல் கொட்டேஷன் தர மாட்டேன் என்கிறார், அந்த ஒரு நாளுக்கே 8,000. போனிலேயே நிறையக் கேட்டார். எத்தனை டிரெயின் (கழிவுநீர்க் கால்வாய்), எது எங்கே போய்ச் சேர்கிறது, எந்த பாத் (பூச்சு ஏற்றுகிற ரசாயனத் தொட்டி) ஓடுகிறது என்று. பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பார்ப்பதற்கே பணம் வாங்குவது வழக்கம்தானா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் முன்பு கழிவுநீர்க் குழியில் ஸ்லட்ஜ் அள்ள ஒரு அண்ணன் இறங்கினார். இரண்டே நிமிடத்தில் தலை சுற்றுகிறது என்று ஏறி வந்தவர் மேலே வந்ததும் விழுந்துவிட்டார். ஃபேனுக்குக் கீழே படுக்க வைத்தோம், ஒரு மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போனார். வெயில் என்றார்கள் எல்லோரும். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கிண்டி_ஃபேப்ரிகேஷன்:

சகோதரி, 45,000 என்பது எங்கும் கேட்கிற ரேட்தான். நானும் அப்படி ஒருவரை வைத்துத்தான் ஃபைல் போட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் வந்தபோது ஜெனரேட்டர் புகைக்குழாயை அளந்தார்கள். கட்டிட உயரத்துக்கு மேல், ஜெனரேட்டரின் கேவிஏ திறனின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கினால் வருகிற மீட்டர் அளவுக்கு அது நிற்க வேண்டும். என்னுடையது 62.5 கேவிஏ, அதாவது சுமார் 1.6 மீட்டர். பேப்பரில் அது இருந்தது. மாடியில் இருந்த குழாய் என் இடுப்புக்குக்கூட வரவில்லை. பதில் சொல்ல நின்றது நான். கன்சல்டன்ட் போன் எடுக்கவில்லை. கையெழுத்து போடுகிறவர்தான் பொறுப்பு, எழுதிக் கொடுத்தவர் இல்லை. 8,000 கொடுத்து வரச்சொல்லுங்கள்.

பழைய_கெமிஸ்ட்:

அம்மா, கன்சல்டன்ட் விஷயம் அப்புறம். முதலில் இரண்டு கேள்வி, இன்றைக்கே பதில் வேண்டும். உங்கள் ஜிங்க் பாத் சயனைடா, இல்லையா? பிக்லிங் ஆசிட் (துரு நீக்குகிற ஆசிட்) கழுவுகிற தண்ணீரும் பிளேட்டிங் கழுவுகிற தண்ணீரும் ஒரே குழிக்குப் போகிறதா? பதில் தெரியும்வரை யாரையும் அந்தக் குழியில் இறக்காதீர்கள். 31 வருடம் பிளேட்டிங் ஷாப்களில் இருந்தவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்பத்தூர்_பிளேட்டிங்:

ஐயா, ஃபோர்மேன் அண்ணனைக் கேட்டேன். பாரல் லைனில் (சின்னப் பாகங்களைச் சுழலும் பீப்பாயில் போட்டுப் பூசுகிற லைன்) இன்னும் சயனைடு பாத்தான் ஓடுகிறது. ஆரம்பத்தில் இரண்டு கால்வாய், இரண்டு குழி இருந்ததாம். 2015 வெள்ளத்தில் ஷாப் முழுக்கத் தண்ணீர் நின்று தரை பெயர்ந்து போனது. புதுத் தளம் போட்டபோது மேஸ்திரி எல்லாவற்றையும் ஒரே கால்வாயாக்கி ஒரே குழியில் விட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியுமா என்று இப்போது அவரிடம் கேட்கவும் முடியாது, பேச்சு சரியாக வரவில்லை.

பழைய_கெமிஸ்ட்:

பயந்தது சரியாகிவிட்டது. சயனைடு கரைசல் விஷம்தான், ஆனால் நல்ல காரமாக இருக்கும்வரை வாயு அதிகம் கிளம்பாது. ஆசிட் சேர்ந்து பிஎச் (அமில, கார அளவு) 9க்குக் கீழே இறங்க இறங்க ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். குழி ஆழமாக, காற்றோட்டம் இல்லாமல் இருந்தால் அங்கேயே தங்கும். உள்ளே இறங்கி ஸ்லட்ஜைக் கிளறினால் இன்னும் வெளியே வரும். கசப்பு பாதாம் வாசனை வரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், ஆனால் பலருக்குப் பிறவியிலேயே அந்த வாசனை தெரியாது. அதனால் மூக்கை நம்பக் கூடாது. அந்தத் தம்பி விழுந்தது வெயிலால் என்று நான் நம்பவில்லை. ஒரு மாதம் ஆகப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சயனைடு வேலை என்று டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பிக்லிங் லைனை நிறுத்துங்கள். அந்தக் கழுவு தண்ணீரைத் தனி டிரம்மில் பிடியுங்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். குழியில் எதையும் ஊற்றிச் சரிசெய்ய நீங்களாக முயல வேண்டாம், தெரிந்தவர் நேரில் நின்று செய்ய வேண்டிய வேலை அது. முறைப்படி என்றால் சயனைடு தண்ணீரைத் தனியாக வைத்து, பிஎச் 10க்கு மேல் ஏற்றி, ஹைப்போகுளோரைட் போட்டு உடைக்க வேண்டும். வெளியேற்றுகிற தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு இருக்கக் கூடாது. மஞ்சள் பாசிவேஷன் (பூச்சின் மேல் போடுகிற பாதுகாப்புப் படலம்) தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும், அதற்கு வரம்பு 0.1. அதை நேர்மாறாக ஆசிட்டில்தான், பிஎச் 2, 3ல் மெட்டாபைசல்பைட் போட்டுக் குறைக்க வேண்டும், அப்புறம் சுண்ணாம்பு. ஒன்றுக்குக் காரம், மற்றதற்கு ஆசிட். ஒரே குழியில் விட்டால் இரண்டுமே நடக்காது, ஆளும் போய்விடுவான். அந்தப் பெண் போனில் டிரெயின் எத்தனை என்று முதலில் கேட்டாரே, அவருக்கு வேலை தெரியும். அவரையே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

திருமுடிவாக்கம்_சேஃப்டி:

மேடம், நான் சேஃப்டி ஆபீசர். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். உள்ளே ஒருவர் விழுந்தால் அடுத்தவர் காப்பாற்றக் குதிப்பார், நம் ஆட்களின் மனசு அப்படி. அவரும் போவார். இதை எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லுங்கள். குழிக்குள் போக எழுத்தில் பெர்மிட் வேண்டும், மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சயனைடு இருக்கிற இடத்தில் அதற்கென்று தனி மீட்டர் வேண்டும். இறங்குகிறவருக்கு பெல்ட், குழிக்கு மேலே மூன்று கால் தாங்கி (டிரைபாட்), தூக்குவதற்கு வின்ச், பக்கத்தில் ஒரு ஆள், எல்லாம் இருக்க வேண்டும். சயனைடு தாக்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கக் கூடாது. ஷாப்புக்குள் காற்றை அளக்க தரமணியில் ரீஜனல் லேபர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, விசாரியுங்கள். சயனைடு டிரம்களை ஆசிட் பக்கத்தில் வைக்காதீர்கள், உயரமான மேடையில் பூட்டி வையுங்கள். 2023 டிசம்பரில் உங்கள் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றதே, அப்போது டிரம் எல்லாம் எங்கே இருந்தது என்றும் கேட்டுப் பாருங்கள்.

அம்பத்தூர்_பிளேட்டிங்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இன்ஜினியர் மேடம் வந்து காலை ஒன்பதிலிருந்து ஆறு வரை இருந்தார். சாக்பீஸால் தரையில் கோடு போட்டு எந்தத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று காட்டினார். பிளேட்டிங் ஷாப்பை அன்றுதான் நானே முழுதாகப் பார்த்தேன். மொத்த வேலைக்கு 1,20,000 சொன்னார், சரி என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தளத்தை உடைத்துத் தனிக் கால்வாய் போட்டாயிற்று. குழியில் இருந்ததை அவரே நின்று சுத்திகரிக்க வைத்தார். ஸ்லட்ஜ் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு மேனிஃபெஸ்ட்டோடு (கழிவு போகும் கணக்குச் சீட்டு) போகும், இனி 90 நாளுக்கு மேல் உள்ளே வைக்க மாட்டோம்.

அண்ணனை அயனாவரம் இ.எஸ்.ஐ.க்கு நானே கூட்டிப் போனேன். இப்போது நன்றாக இருக்கிறார். ஆட்டோவில் வரும்போதுதான் சொன்னார், இது மூன்றாவது தடவையாம். முதல் இரண்டு தடவையும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கஸ்டமரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டேன், கொடுத்தார்கள். பாரல் லைனையும் சயனைடு இல்லாத அல்கலைன் பாத்துக்கு மாற்ற நினைக்கிறேன். மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_கெமிஸ்ட்:

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. அல்கலைன் பாத்துக்கு மாறலாம், ஆனால் முதல் மாதம் ரிஜெக்‌ஷன் வரும். சயனைடு பாத் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் தானே சுத்தம் செய்து ஏற்றிக்கொள்ளும், இது ஏற்றாது. டிகிரீசிங்கை (எண்ணெய் நீக்குவதை) முதலில் சரிசெய்யுங்கள், ஃபில்டர் வாங்குங்கள், ஜிங்க் அளவை தினமும் டைட்ரேட் செய்து (ரசாயனம் சொட்டுவிட்டு அளந்து) பார்க்க ஒரு பையனைப் பழக்குங்கள். பழைய பாத்தைக் காலி செய்யும் நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். கொரட்டூரில்தான் இருக்கிறேன், வந்து நிற்கிறேன்.