பழைய டேக்ரான் கிராஃப்டுக்கு மேலே அனியூரிசம்: ஸ்டென்ட் கிராஃப்டை எங்கே முடிப்பது?

கேள்வி:
68 வயது ஆண். 14 வருடம் முன்பு ஆர்ட்டோ-பைஃபெமரல் பைபாஸ் (மகாதமனியிலிருந்து இரு தொடைத் தமனிகளுக்கும் பிரியும் கிராஃப்ட்), 18×9 டேக்ரான் (செயற்கைத் துணிக்குழாய்; உடல் 18 மி.மீ., கால்கள் 9 மி.மீ.). இப்போது மேல்தையலில் (கிராஃப்ட் மகாதமனியோடு சேரும் இடம்) 58 மி.மீ. அனியூரிசம் (தமனி வீக்கம்). சிறுநீரகத் தமனிக்குக் கீழே கழுத்து (சாதனம் ஒட்டிப் பிடிக்கும் வீங்காத பகுதி) 8 மி.மீ. மட்டுமே. தையலிலிருந்து கிராஃப்ட் பிரியும் இடம்வரை 35 மி.மீ. திறந்த அறுவை தாங்கமாட்டார். ஸ்டென்ட் கிராஃப்ட் (தமனி வழியாக உள்ளே வைக்கும் சட்டமுள்ள துணிக்குழாய்) என்றால் இரண்டு கால் சாதனமா, ஒற்றைக்கால் வைத்து தொடைக்குத் தொடை பைபாஸா?

பதில் 1:
இரண்டுமே வேண்டாம். இரண்டாவது காலுக்கான வாய் 18 மி.மீ. குழாய்க்குள் விரியாது, விரிந்தாலும் இரண்டு கால்களும் ஒன்றையொன்று நசுக்கும். பைபாஸ் என்றால் வடுப்பட்ட இரண்டு தொடைமடிப்பையும் மறுபடி திறக்க வேண்டும், தொற்று அங்கேதான் வரும். 35 மி.மீ. டேக்ரான் இருக்கிறதே, அதுதான் உங்கள் கீழ்க்கழுத்து. சிறுநீரகத் தமனிகளுக்குத் துளை வைத்த ஃபெனஸ்ட்ரேட்டட் நேர்குழாயை அதற்குள்ளேயே முடியுங்கள், குறைந்தது 20 மி.மீ. ஒட்டவேண்டும். டேக்ரானில் திசு வளர்ந்து பிடிக்காது, உராய்வுதான் பிடி. முடிந்தால் 30 மி.மீ. கொடுங்கள். அளவை பழைய ஆபரேஷன் குறிப்பிலிருந்து எடுக்காதீர்கள். டேக்ரான் வருடம் போகப் போக விரியும், 18 என்பது 20, 21 ஆகியிருக்கலாம். 1 மி.மீ. சிடி-யில் அளந்து 10 முதல் 15 சதவீதம் கூட்டுங்கள்.

பதில் 2:
அதற்கு முன், இது தொற்றா? தையல் விட்டுப்போன அனியூரிசம் என்றால் முதலில் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டியது அதுதான். காய்ச்சல், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கிராஃப்டைச் சுற்றி நீரோ காற்றோ, டியோடினம் (முன்சிறுகுடல்) ஒட்டியிருக்கிறதா, எல்லாம் பாருங்கள்; சந்தேகம் தீராவிட்டால் பெட் ஸ்கேன். மலம் கறுத்திருந்தால் குடலோடு ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போது ஸ்டென்ட் ரத்தப்போக்கை நிறுத்தும் தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

மேல்தையல் பக்கவாட்டில் போட்டதா என்றும் பாருங்கள். அப்படியானால் பழைய மகாதமனி கீழே திறந்தே இருக்கும், இலியாக் (இடுப்புத் தமனி) வழியாக ரத்தம் ஏறி அனியூரிசத்தை நிரப்பும். அதை பிளக் வைத்து அடைக்காவிட்டால் மேலே எவ்வளவு நன்றாக வைத்தாலும் பலனில்லை.

பதில் 3:
உள்ளே நுழைக்கும்போது திணறுவது இங்கேதான்: சாதனத்தை ஏற்றும் 20 பிரெஞ்சு (குழாய் அளவின் அலகு) உறையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 7.7 மி.மீ., கிராஃப்ட் காலோ 9. மடிப்பு மடிப்பான டேக்ரான் உறையைக் கவ்விப் பிடிக்கும். வெளியே திருகினால் உள்ளே திரும்பாது, பிறகு திடீரென்று சுழன்று துளை தமனியை விட்டு விலகிவிடும். எனவே நுழைக்கும் முன்பே, வயிற்றின் மேல் வைத்து ஃப்ளோரோவில் (நேரடி எக்ஸ்ரே) சாதனத்தின் குறிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனபின் திருகுவதைக் குறையுங்கள். வடுவிலும் டேக்ரானிலும் தோல்வழி மூடும் சாதனத்தை நம்ப வேண்டாம். திறந்து, கிராஃப்ட் காலை கிளாம்ப் செய்து, 5-0 புரோலின் நூலால் தைப்பதே பத்திரம்.