‘பெரிய வீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செந்திலின் துப்பாக்கி

செந்தில் (ஹூஸ்டன்): எதிர் வீட்டில் நேற்றுப் பகலில் திருட்டு. பின்கதவை உடைத்து 40 பவுனை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று தெரிந்துதான் வருகிறார்கள். நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன்.

அம்மா: ஐயோ. சங்கிலி பத்திரமா?

சுந்தரி அத்தை: எங்கள் அம்மா சங்கிலி இன்னும் அங்கேதான் இருக்கிறதா?

கார்த்திக் (டல்லாஸ்): சூப்பர் அண்ணா. கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. எனக்கு எச்1பி வேலை விசாதான், வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது இருந்தால்தான் வாங்க முடியும்.

ராஜு சித்தப்பா: எதை வேட்டையாடுவாய், பிரியாணியையா 😂

மீனா அக்கா: செந்தில், பொறுமையாகப் படி. 2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 46,728 பேர். கொலை 17,927. தற்கொலை 27,300. திருடனுக்கு என்று வாங்கி வைத்தது யார் உயிரைக் குடிக்கிறது என்று நீயே கணக்குப் போடு. அப்புறம், எதிர் வீட்டில் திருடன் வந்தது பகலில், ஆள் இல்லாதபோது. அவர்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் 40 பவுனோடு அதுவும் போயிருக்கும்.

கார்த்திக்: அக்கா, வருடத்துக்கு 25 லட்சம் தடவை துப்பாக்கியால் மக்கள் தப்பிக்கிறார்கள் என்றும் ஒரு கணக்கு இருக்கிறதே.

மீனா அக்கா: அது சுமார் 5,000 பேரிடம் போனில் கேட்டுப் பெருக்கிய கணக்கு, 1995இல் வந்தது. குற்றத்துக்கு ஆளானவர்களிடம் அரசாங்கம் எடுக்கும் கணக்கில் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. பூட்டி வைத்தால் ராத்திரி அவசரத்துக்கு எடுக்க முடியாது. பூட்டாமல் வைத்தால் வீட்டில் பிள்ளை இருக்கிறான். டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கிடைக்கும்படி விட்டால் உன் மேல்தான் கேஸ்.

ராஜு சித்தப்பா: அப்பாவின் இரட்டைக்குழல் கடைசியில் எங்கே போனது?

அம்மா: ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, திரும்ப வாங்க அலைவார். வெறுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

சுந்தரி அத்தை: சுட்டது ஒரே தடவை. குரங்கை விரட்டப் போய் மாட்டுக்கொட்டகை ஓடு உடைந்தது. குரங்கு அப்படியே உட்கார்ந்திருந்தது.

ராஜு சித்தப்பா: 😂😂 அந்த ஓட்டுக்கும் நான்தான் காசு கொடுத்தேன். எழுதி வைத்திருக்கிறேன்.

செந்தில்: அக்கா, நம் வீட்டில் யார் அப்படிச் செய்துகொள்ளப் போகிறார்கள்? புள்ளிவிவரம் ஊருக்கு.

மீனா அக்கா: மணி மாமா விஷயம் மறந்துவிட்டதா? அன்று துப்பாக்கி இருந்திருந்தால், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரம் இருந்திருக்குமா?

கார்த்திக்: அக்கா

கார்த்திக்: மாமா இந்தக் குழுவில் இருக்கிறார்

அம்மா: மீனா, அதை எடுத்துவிடு.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

ராஜு சித்தப்பா: ஊரில் இன்று நல்ல மழை. கண்மாய் நிறைந்துவிட்டது.

மணி மாமா: படித்துவிட்டேன் மீனா. பரவாயில்லை, உண்மைதானே. செந்தில், சரணுக்கு இப்போது என்ன வயது?

செந்தில்: 15 மாமா.

மணி மாமா: சரி.

செந்தில்: சனிக்கிழமை கடைக்குப் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். வாங்குகிறேன் என்று சொல்லவில்லை.

மீனா அக்கா: போகிற வழியில் பேங்கில் லாக்கர் கேட்டுவிட்டுப் போ. கதவுக்கு கேமராவும் போடு.

சுந்தரி அத்தை: லாக்கர் இங்கே என் பேரிலேயே இருக்கிறது. தை மாதம் வரும்போது சங்கிலியைக் கொண்டு வந்துவிடு.

அம்மா: அதை அப்புறம் பேசலாம்.