பொருள்: 'லோக்கேல்' – வட்டாரமா, இடவழக்கா, இடமரபா?

அன்பின் நண்பர்களுக்கு,

கணினியில் 'லோக்கேல்' (locale) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் உங்கள் மடல்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நேற்று கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த ஒரு கூத்து எழுத வைத்துவிட்டது. பலசரக்குக் கடை அண்ணை ஒருவர் தன் பில் அடிக்கும் மென்பொருளைத் தமிழுக்கு மாற்றித் தரச் சொன்னார். பட்டியலில் 'தமிழ் (இந்தியா)' ஒன்றுதான் இருந்தது. சரி, தமிழ்தானே என்று அதையே தட்டினேன். திரையெல்லாம் தமிழாயிற்று. ஆனால் பில்லில் 2010இல் இந்தியா கொண்டுவந்த ₹ குறி, 'ஒக்டோபர்' வரவேண்டிய இடத்தில் 'அக்டோபர்'. அன்றைய மொத்தக் கணக்கில் 125,000 போய் 1,25,000 வந்திருந்தது. பருப்பு வாங்க வந்த அம்மா பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இந்தியக் காசோ?" என்றார்.

நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் பொருள் இதுதான்: ஒரு மொழியில் ஒரு நாட்டார் திகதி, எண், காசு எழுதும் முறைகளின் தொகுப்பு. மொழி சரியாக இருந்தும் முறை பிழைத்துப்போகிறது.

> வட்டாரம் என்றே வைக்கலாமே. வட்டார வழக்கு என்று ஏற்கெனவே சொல்கிறோம்.

சென்னையிலிருந்து பார்த்தால் நல்ல சொல். இலங்கையில் வட்டாரம் என்றால் உள்ளூராட்சித் தேர்தல் வட்டாரம். புங்குடுதீவுக்காரரிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், எத்தனையாம் வட்டாரம் என்று இலக்கத்தோடுதான் பதில் வரும்.

> இருப்பிடம்?

இதற்குத்தான் நான் கூடுதலாகப் பயப்படுகிறேன். கைபேசியில் ஆள் நிற்கும் இடத்தை அறிய அனுமதி கேட்கும்போதும் இருப்பிடம் என்றே சொல்கிறோம். டொரொண்டோவில் இருக்கும் என் மச்சாள் தன் கணினியில் இலங்கைத் தமிழைத்தான் வைத்திருக்கிறாள். ஆள் அங்கே, முறை இங்கே. நேர வலயமும் வேறு சங்கதி. 1996இல் நம் கடிகாரங்களை முன்னே தள்ளினார்கள், 2006இல் பழையபடி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னுக்கே கொண்டுவந்தார்கள். அதற்காக நாம் திகதி எழுதும் முறை மாறவில்லையே.

> இடவழக்கு

எனக்கு முதலில் பிடித்தது இதுதான். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "காணி வழக்கா? புதுக்கடைக்குப் போகவேண்டுமா?" என்று அப்பா கேட்டார். புதுக்கடை நீதிமன்ற வளாகத்துக்கு அருகிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர், அவருக்கு வேறு என்ன தோன்றும்!

அதனால் நான் முன்வைப்பது இடமரபு. மரபு என்றால் பழசு என்று சிலர் முகம் சுளிக்கலாம். தொல்காப்பிய மரபியலில் எந்த விலங்கின் குட்டியை எந்தப் பெயரால் அழைப்பது என்பதும் மரபுதான். காரணம் கேட்டால் 'அப்படித்தான் சொல்வது வழக்கம்' என்பதே விடை. வாரம் ஞாயிறில் தொடங்குவதா திங்களிலா, பின்னத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா என்பதும் அந்தச் சாதிதான். 1,250.50 என்று நாம் எழுதுவதை ஜேர்மன்காரர் 1.250,50 என்று எழுதுகிறார். இரண்டிலும் பிழை இல்லை.

அகரவரிசையும் இதற்குள் அடங்கவேண்டும் என்பதை யாரும் இதுவரை தொடவில்லை. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையில் ந முடிந்ததும் ன வருகிறது, ப, ம எல்லாம் அதற்குப் பின்னால். எண் வரிசைப்படி அடுக்கினால் கனகா முன்னே, கமலா பின்னே. நம் நெடுங்கணக்கில் ன கடைசி மெய், ஆகவே கமலாதான் முந்தவேண்டும். சி மொழியில் எழுதிய நிரல் ஓடத் தொடங்கும்போது அதற்கு எந்த நாட்டு மரபும் தெரியாது, 'சி' என்ற வெறும் மரபில்தான் விழிக்கும். செட்லோக்கேல் என்ற செயற்கூற்றை அழைத்துப் பயனரின் மரபை ஏற்கச் சொன்னால்தான் வரிசை, திகதி, காசு எல்லாம் மாறும். நிரலர் அதை மறந்துவிட்டால் பயனர் அமைப்புகளில் எதைத் தட்டியும் பயனில்லை. இதை விளக்கும்போது 'இடமரபை ஏற்றல்' என்று எழுத எனக்கு வாய் தடுக்கவில்லை.

கூட்டுச்சொற்களும் வருகின்றன: இடமரபுக் குறி, இடமரபுத் தெரிவு, இயல்பு இடமரபு. ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சொல்லுக்குள் மொழி இல்லை. இந்த நாட்டிலேயே சிங்களத்துக்கு ஒரு குறி, தமிழுக்கு ஒரு குறி என்று இருக்கும்போது இடம் என்று மட்டும் சொன்னால் போதுமா? 'மொழியிடமரபு' என்று நீட்டிப் பார்த்தேன். பொத்தானுக்குள் அடங்காது, வாய்க்குள்ளும் அடங்காது.

இன்று காலை அதே கடைக்குப் போய் 'இடமரபு' என்று கடதாசியில் எழுதிக் காட்டினேன். அண்ணை கொஞ்ச நேரம் பார்த்தார். "உள்ளுக்குள்ள என்ன இருக்கு?" என்றார். மொழியும் நாடும் தெரிவு செய்யலாம் என்றேன். "அப்ப 'மொழியும் நாடும்' எண்டே போட வேண்டியதுதானே?"

திரையில் தெரியும் பட்டியில் (menu) அதையே போடலாம் என்று இப்போது நினைக்கிறேன். கையேட்டுக்கும் நிரலர்களுக்கும் இடமரபு. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள். உங்கள் பக்கம் இந்தச் சொல் எப்படி ஒலிக்கிறது?