நோம்பி உண்டியல் காசை எடை போட்டு எண்ணலாமுங்களா?

கோபிக்காரர்:
எங்க கோயில்ல பூச்சாட்டு நோம்பி (திருவிழா) முடிஞ்சு உண்டியல் திறந்தாச்சுங்க. 1 ரூபாய்க் காசை மட்டும் பிரிச்சுத் தராசுல வெச்சா 10 கிலோ. ஒரு காசு 3.79 கிராம்னு போட்டா 2,638 வரணும். கையில எண்ணுனா 2,400-தான் இருக்குது. தராசு தப்புங்களா? நோட்டையும் இப்படி எடை போடலாமுங்களா?

தராசுக்கடை:
தராசு மேல குத்தமில்லீங்க. 1 ரூபாய்லயே மூணு எடை ஓடுது. 1992-ல இருந்து வந்த 25 மி.மீ. பெருங்காசு 4.85 கிராம், 2011 வரிசை 22 மி.மீ., 3.79 கிராம், 2019 வரிசை 20 மி.மீ., 3.09 கிராம். உங்க கணக்குல சராசரி 4.17 வருது, அப்ப பெருங்காசு நிறையக் கலந்திருக்குது.

இதுல பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்குதுங்க. 2011 வரிசை 2 ரூபாயும் அதே 25 மி.மீ., அதே 4.85 கிராம், அதே எஃகு. தராசும் கண்டுபிடிக்காது, சல்லடையும் கண்டுபிடிக்காது. கண்ணுல பாத்துத்தான் பிரிக்கோணும். பழைய 50 பைசாவும் 2011-ன் 1 ரூபாயும் அதே மாதிரி ஒரே உருவம்.

பொள்ளாச்சி அக்கா:
முதல்ல காந்தம் போடுங்க. எஃகுக் காசு ஒட்டும், பித்தளை நிற 5 ரூபாய் ஒட்டாது. எஃகுலயும் 5 ரூபாய் உண்டு, அதைக் கையில பொறுக்கிடுங்க. அப்புறம் 21 மி.மீ. துளைத் தட்டுல சலிச்சா 20 மி.மீ. காசு கீழ விழும். மேல நிக்கறதை 24 மி.மீ. தட்டுல போட்டா 25 மி.மீ. காசு தங்கிரும். கீழ விழுறதுல 22 மி.மீ. 1 ரூபாயும் 2019-ன் 23 மி.மீ. 2 ரூபாயும் கலந்தே வரும். அந்த ஒரு மில்லிமீட்டருக்குத் தட்டை நம்பாதீங்க, முகத்தைப் பாத்துப் பிரிங்க.

திருநீறும் எண்ணெயும் ஒட்டுன காசை சோப்புத் தண்ணியில அலசி, துணியில பரப்பி நல்லாக் காய வெச்சுட்டுத்தான் எடை போடோணும்.

தராசுக்கடை:
அக்கா சொன்னது சரிங்க. 5 கிராம் பிரிவு இருக்கற மளிகைத் தராசு இதுக்கு ஆகாது, ஒரு காசே அதுக்குள்ள மறைஞ்சுரும். 1 கிராம் பிரிவு வேணும். எண்ணும் வசதி இருக்கற தராசுன்னா மாதிரிக்கு 10 காசு வெக்காதீங்க, 100 வெச்சுப் பதிய வையுங்க. தேய்மானம் அதுல சமன் ஆயிரும்.

நூறு காசுப் பைக்கு எடை: 1 ரூபாய் 485, 379, 309 கிராம், 5 ரூபாய் பித்தளை 600, 2019 வரிசை 674, 1992-ன் தடிக்காசு 900, 10 ரூபாய் 771 அல்லது 774, 20 ரூபாய் 854.

நோட்டுக்கு வேண்டாமுங்க. புது வரிசை 10 ரூபாய் 63×123 மி.மீ., 500 ரூபாய் 66×150, பரப்புலயே கால் பங்குக்கு மேல வித்தியாசம். ஒரே மதிப்பு நோட்டா இருந்தாலும் அழுக்கும் ஈரமும் எடையை ஏத்தும். ஆயிரம் நோட்டுக் கட்டுல நூத்துக்கு ஒண்ணு பிசகுனா பத்து நோட்டு. 500-ன்னா 5,000 ரூபாய். எண்ணும் மெசின்தான் கதி.

கோபிக்காரர்:
வங்கியில 10 ரூபாய்க் காசை வாங்குவாங்களுங்களா? இங்க கடையில வேண்டாங்கறாங்க.

பொள்ளாச்சி அக்கா:
வாங்கோணும். 14 வடிவமும் செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலயே அறிவிச்சாச்சு. 1,000 ரூபாய்க்கு மேல காசா வாங்கிக்கச் சொல்லிக் கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனா வங்கியில போடறதுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு எதும் வெக்கலீங்க. பாலித்தீன் பையில நூறு நூறாப் போட்டு, மேல மதிப்பு, வரிசை, எடை மூணையும் எழுதிக் கொண்டு போங்க.