மலைக்கோட்டை மேல் குடைவரையைப் பூட்டி வைப்பது சரியா?

உறையூரான்:
திருச்சி மலைக்கோட்டைக்கு வருபவர்கள் தாயுமானவரை வணங்கி, உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இடைவழியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாறையைக் குடைவித்த லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்ற மேல் குடைவரைக் கோயில் இருக்கிறது. நான் போனபோதெல்லாம் கம்பிக் கதவு பூட்டியே இருந்தது. உள்ளே மேற்குச் சுவரில் கங்காதரர். சடையின் ஒரு புரியை நீட்டி, கைகூப்பி இறங்கும் கங்கையை ஏற்கிறார். தூக்கிய காலை ஒரு பூதகணம் தாங்குகிறது. தமிழகத்தின் மிகப் பழைய சிவன் சிற்பங்களில் ஒன்றைக் கம்பி இடுக்கில் கழுத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டிய நிலை ஏன்? கதவைத் திறந்து விடுங்கள் என்கிறேன்.

கல்லெழுத்து:
திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊர் ஊராகப் பார்த்தாயிற்று. பல்லவர், பாண்டியர் குடைவரைகள் எத்தனையில் காதலர் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன, எத்தனையில் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் சிற்பத்தின் முகத்தையே மூடியிருக்கின்றன! இங்கே தூண்களிலும் கங்காதரருக்கு இருபுறமும் மன்னனின் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாறையில் வெட்டிய எழுத்தில் ஓர் எழுத்து உடைந்தால் மறுபடி எழுத முடியாது. விழா நாள்களில் அந்தப் படிகளில் ஏறும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பூட்டு இருக்கட்டும்.

சிவனடியாள்:
இரண்டு பேருமே அதைக் காட்சிக்கூடமாகத்தான் பேசுகிறீர்கள். அது கோயில். கிழக்குச் சுவரில் குடைந்த கருவறை லிங்கமில்லாமல் வெறுமையாகக் கிடக்கிறது. மன்னனே லிங்கத்தை வழிபட்டதாகக் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். மறுபடி ஒரு லிங்கத்தை வைத்து ஒருவேளை பூசையாவது நடக்கட்டும். பூசை நடக்கும் இடத்தில் யாரும் பெயர் கீற மாட்டார்கள். புனேயில் ஜங்லி மகராஜ் சாலையில், நகரத்தின் நட்டநடுவே, பாதாளேசுவரர் குடைவரை இருக்கிறது. அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தான். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. வெளியே ஒரே பாறையில் வெட்டிய வட்ட நந்தி மண்டபம் கம்பீரமாக நிற்கிறது. மக்கள் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

கல்லெழுத்து:
அம்மா, உங்கள் பக்தியை மதிக்கிறேன். ஆனால் தொல்லியல் துறையின் நடைமுறை வேறு. பாதுகாப்பில் எடுத்தபோது வழிபாடு இருந்த இடத்தில் அது தொடரலாம். அப்போது இல்லாத இடத்தில் புதிதாகத் தொடங்க விடுவதில்லை. பாதாளேசுவரரையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இன்னொன்று, பூசை வந்தால் பின்னாலேயே ஓடு பதிப்பதும் மின்விசிறியும் உண்டியலும் வரும். அவை வந்த பிறகு கங்காதரரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

உறையூரான்:
பூசை வேண்டுமா என்பது எனக்குப் பெரிய கேள்வி இல்லை. அந்தக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதை ஏறிவருபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வடமொழிச் செய்யுள் அது. 1890இல் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அதன்படி, பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழ நாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்கிறார். அதற்காகவே மன்னன் இந்த மலைமேல் இடம் கொடுக்கிறான். இன்னொரு செய்யுள் இதைவிட அழகு. ஆறுகள்மேல் பிரியமுள்ள சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயம். பிறந்த வீட்டை விட்டு வந்து இந்த மலையிலேயே தங்கி, இந்தக் காவிரி பல்லவனின் காதலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்! தலையில் ஓர் ஆற்றை வாங்கிக்கொண்டு நிற்கும் சிவனுக்குப் பக்கத்திலேயே இதை வெட்டி வைத்திருக்கிறார்கள். காவிரியைப் பார்ப்பதற்கென்றே எழுந்த கோயிலை இருட்டில் பூட்டி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கல்லெழுத்து:
செய்யுளை நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் குடைவரை தெற்கு நோக்கியது, காவிரியோ மலைக்கு வடக்கே ஓடுகிறது. கருவறைக்கு எதிரே இருப்பது கங்காதரர் சுவர். கதவை அகலத் திறந்தாலும் சிவனுக்குத் தெரியப்போவது காவிரி அல்ல.

உறையூரான்:
செய்யுள் மலையைப் பற்றியது, வாசலைப் பற்றியது அல்ல. உச்சிக்கு ஏறி நின்றால் காவிரி, கொள்ளிடம், நடுவில் திருவரங்கம் எல்லாம் கண்ணில் படும். அந்தக் காட்சியைப் பார்த்த கையோடு இறங்கிவந்து, பல்லவன் காலத்தில் அதையே எப்படிப் பாடினார்கள் என்று படித்தால் அந்த அனுபவமே வேறு. அதற்குத் தேவை தமிழில் முழு மொழிபெயர்ப்போடு ஒரு பலகை.

காவிரிக்கரை மாணவி:
எல்லோரும் மேல் குடைவரைக்கே சண்டை போடுகிறீர்கள். மலையின் தென்மேற்கு அடிவாரத்தில் வீடுகளுக்கு நடுவே இருக்கும் கீழ்க்குடைவரையை யாரும் சொல்லவே இல்லையே? எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி என்பார்கள். சிவனுக்கும் திருமாலுக்கும் எதிரெதிரே கருவறைகள். பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரம்மா, சூரியன், துர்க்கை என வரிசையாக ஐந்து பேர். என்.எஸ்.பி. சாலையில் துணி வாங்க வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை. எங்கள் வகுப்புத் தோழிகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திருச்சியில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்!

கல்லெழுத்து:
இது நியாயமான கேள்வி, தங்கையே. மும்பை ஜோகேசுவரி குடைவரையின் மேலேயே குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. திருச்சிக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் நான் கறாராகப் பேசுகிறேன். காவலர் ஒருவர் உடன் இருந்து, காலையும் மாலையும் சில மணி நேரம், பத்துப் பத்துப் பேராக அனுமதிப்பதென்றால் எனக்கு மறுப்பில்லை. காவலர் இல்லாத நேரத்தில் பூட்டு இருந்தே ஆக வேண்டும்.

சிவனடியாள்:
பத்துப் பேரில் ஒருத்தியாக நானும் வருவேன். ஆனால் வெறும் கருவறைக்கு முன்னால் நின்று ஒரு பதிகம் பாடினால் காவலர் வெளியே போகச் சொல்வாரா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

உறையூரான்:
பாடுவதால் எந்தக் கல்லும் தேயாது, அம்மா. அதைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கக் கூடாது. நேர ஒதுக்கீடு, தமிழ்ப் பலகை, கீழ்க்குடைவரைக்குச் சாலையிலிருந்தே வழிகாட்டி, இந்த மூன்றையும் கேட்டு மனு எழுதுகிறேன். பூசை வேண்டும் என்ற கோரிக்கையை அதில் சேர்க்கப் போவதில்லை.

சிவனடியாள்:
அப்படியென்றால் எனது மனு தனியாகப் போகும்.