உயரமான வான் வண்டிக்கு எந்த வழிகாட்டிச் செயலி அல்லது கருவி பொருந்தும்?

உறவுகளே, படுக்கையும் அடுப்பும் பொருத்திய வானில் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதி வழியாகக் கண்டிக்கும், பிறகு நுவரெலியாவுக்கும் போகிறோம். கூரைப் பெட்டியோடு உயரம் 2.9 மீற்றர்.

கைபேசி வரைபடத்துக்கு இது காரா லொறியா என்பதே தெரியாது. போன கிழமை கோப்பாயில் குறுக்கு வழி என்று ஓர் ஒழுங்கைக்குள் விட்டது. ஒருபக்கம் கிடுகு வேலி, மறுபக்கம் மதில். கண்ணாடிகளை மடித்து, பின்னோக்கியே ஊர்ந்து வெளியே வந்தேன். வேலிக்கார அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலியில் வாகனத்தின் உயரம், எடை கொடுக்கலாம்; இணையம் இல்லாமலும் இயங்கும். ஆனால் மரக்கிளையின் உயரத்தை யார் அதில் பதிந்திருக்கப்போகிறார்கள்? கார்மின் வழிகாட்டிக் கருவி வாங்கினால் இலங்கை வரைபடத்தைத் தனியாக ஏற்ற வேண்டுமா? நுவரெலியா போகும் வழியில் வரும் றம்பொடை வளைவுகளில் பெரிய வான் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.